நிரப்பாத கோடுகள்

ஜூலை 8, திங்கள்

இந்த நோட்டைத் தமிழில் எழுதுகிறேன். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று அம்மா. அப்பாவுக்குப் பேச மட்டும் வரும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினாறு வருடம் இருந்தும் பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் நிறத்தைப் பார்த்தே ஏறியவர்.

போன வருடம் பெரியப்பா கூப்பிட்டார் என்று அப்பாவின் ஊருக்கே வந்துவிட்டோம். நிஜாமாபாத். தெலங்கானாவில் இருப்பது இல்லை, உத்தரப் பிரதேசத்தில் இருப்பது. சித்தி போட்ட முதல் கடிதம் தெலங்கானாவுக்குப் போய்விட்டுத்தான் வந்தது. இங்கே கறுப்பு மண்பாண்டம் செய்கிறார்கள். பாண்டத்தில் வெள்ளி போலப் பூவும் கொடியும் மின்னும். பெரியப்பா சக்கரத்தில் வனைவார். அப்பா பச்சை மண்ணில் ஊசியால் பூ வெட்டுவார். சுட்டு எடுத்த பிறகு அந்தக் கோடுகளில் வெள்ளைப் பூச்சை விரலால் நிரப்புவது பெண்கள் வேலை. எங்கள் வீட்டில் பெரியம்மா துலாரியும் அம்மாவும்.

நோட்டை மச்சில் இருக்கும் வெடித்த சாடிக்குள் வைக்கிறேன். விற்காத சாடி, யாரும் எடுக்க மாட்டார்கள். கரண்டு போன பிறகு கொசுவலைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பெரியம்மா பார்த்தால், "ராத்திரியில என்ன மந்திரம் எழுதறே?" என்று வீட்டையே எழுப்பிவிடுவாள்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் இதில் எழுத மாட்டேன். அந்த இடத்தைக் காலியாக விடுவேன். போன கார்த்திகையில் ______ பற்றிப் பள்ளியில் என் தோழி குஷ்பூவிடம் வாய் திறந்து சொன்னேன். பத்தாம் நாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வெறும் கையோடு திரும்பி வந்தாள். அதனால் சொல்ல மாட்டேன். எழுதவும் மாட்டேன்.

இப்போது மறுபடியும் அம்மாவுக்கு ______. எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுக்கிறாள். எனக்குப் பதினான்கு வயது, தெரியாதா?

ஜூலை 9, செவ்வாய்

லக்னோவிலிருந்து ஆர்டர். அறுபது பூச்சாடி. ஆகஸ்ட் பன்னிரண்டுக்குள் வேண்டுமாம்.

ஜூலை 12, வெள்ளி

பள்ளிவிட்டு வந்து மாவிலை, மூங்கில் இலை, அடூசா இலை எல்லாவற்றையும் அறைத்தேன். அதை மண்ணோடு கரைத்துப் பாண்டத்துக்குப் பூசினால்தான் பளபளப்பு வரும். அடூசா என்றால் வேறு ஒன்றுமில்லை, நம் ஊர் ஆடாதோடைதான் என்று அம்மா கண்டுபிடித்துச் சொன்னாள். அன்றைக்கு ஊர்க்காரி ஒருத்தியைச் சந்தையில் பார்த்தவள் மாதிரி சிரித்தாள்.

பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துத்தநாகப் பொடியோடு பாராவைச் சேர்த்துப் பெரியம்மா கல்லில் தேய்ப்பாள். பாரா என்பது பாதரசம். பாட்டிலிலிருந்து விழும்போது உயிருள்ளது போல ஓடும். தேய்க்கத் தேய்க்க வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். அதை ஆள்காட்டி விரலில் எடுத்துக் கோட்டில் அழுத்த வேண்டும். பெரியம்மா நிரப்பினால் பூ தடித்துப் போகும். அம்மா நிரப்பினால் அப்பா வெட்டியதைவிட மெலிதாகத் தெரியும். கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் நூல் பிசிறு பார்த்த கை.

"மதராஸிக்குச் சப்பாத்தி உருட்டத் தெரியல, இது மட்டும் எப்படித் தெரியுது?" என்றாள் பெரியம்மா. அது பாராட்டு. அவள் பாராட்டினால் அப்படித்தான் இருக்கும்.

வேலைக்கு உட்காரும் முன் பெரியம்மா மூக்குத்தி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு மூக்குப்பொடி டப்பாவில் போட்டு மூடுவாள். பாரா பட்டால் தங்கம் கெட்டுவிடுமாம். அம்மாவின் தாலியைப் பார்த்து, "அதையும் போடு" என்று டப்பாவை நீட்டினாள்.

அம்மா என்னைப் பார்த்து, "தாலியக் கழட்டறதாவது, அந்தப் பேச்சே வேண்டாம்னு சொல்லு கண்ணு" என்றாள். நான் இந்தியில் சொன்னேன். அம்மாவுக்கு இந்தி புரியும், ஆனால் பேசினால் பெரியம்மா சிரிப்பாள். அதனால் வீட்டில் நான்தான் அம்மாவின் வாய்.

தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு அம்மா அடுத்த சாடியை எடுத்தாள்.

ஜூலை 15, திங்கள்

அறிவியல் வகுப்பில் ரேஹானா மேடம் உலோகங்கள் நடத்தினார். பாதரசம் திரவமாக இருக்கும் உலோகம் என்றார். அது ஆவியாகும், கண்ணுக்குத் தெரியாது, தோல் வழியாகவும் உள்ளே போகும் என்றார். நரம்பைக் கெடுக்கும் என்று போர்டில் எழுதினார்.

மணி அடித்த பிறகு அவர் மேஜைக்குப் போனேன்.

"மேடம், ஒரு பெண் தினமும் கையில் தொட்டால்?"

"யார் அது?"

"சும்மா கேட்டேன். அவருக்கு, அவருக்கு..."

முடிக்க முடியவில்லை. மேடம் என் சீருடைக் கையில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கர்ப்பமா இருக்கறவங்க அதைத் தொடவே கூடாது. அது இருக்கற அறையிலகூட இருக்கக் கூடாது. அம்மாகிட்ட சொல்லு. சொல்றியா?"

சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

சொன்னேன். பாதி.

"அம்மா, அந்தப் பாரா விஷமாம்."

"செரி."

"தொடக் கூடாதாம். உனக்கு இப்ப..."

அம்மா ஈரக் கையை என் வாயில் வைத்தாள். "அதப் பத்திப் பேச்செடுக்காத கண்ணு. போன தடவ பேசிப் பேசித்தான் போச்சு." கை சோப்பு மணத்தது. எனக்கு மட்டும்தான் அந்தப் பயம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அப்பாவிடம் போனேன். பூ வெட்டிக்கொண்டே, "ஆர்டர் போகட்டும், அப்புறம் அம்மா ரெஸ்ட் எடுக்குது" என்றார். அப்பாவின் தமிழில் எல்லோரும் 'அது'தான்.

பெரியம்மாவிடமும் சொன்னேன். அவள் சாடியை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "என் கல்யாணத்துக்கு மறுநாளே இந்தக் கல்லுல உக்கார வெச்சாங்க. எனக்கு ரெண்டு பசங்க, ரெண்டு காளை மாடு மாதிரி சூரத்துல வேலை பாக்கறாங்க. புஸ்தகத்த மூடிட்டுப் போய் எருவாட்டி எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். சாண எருவாட்டிப் புகையைச் சூளைக்குள்ளேயே அடைத்துச் சுட்டால்தான் மண் கறுப்பாகும். புகை வெளியே போனால் வெறும் சிவப்புப் பானை.

ஜூலை 19, வெள்ளி

இன்று ஒரு காரியம் செய்தேன். பாரா பாட்டிலை எடுத்து, துணியில் சுற்றி, வெடித்த சாடிக்குள் இந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இரும்புக் குண்டு மாதிரி கனம்.

ஜூலை 20, சனி

பெரியம்மா வீட்டையே புரட்டிவிட்டாள். பாட்டிலைக் கடைசியாகக் கல்லில் ஊற்றியது அம்மா. அதனால், "கவனம் கெட்டவ, எங்க போட்டே?" என்று அம்மாவைத்தான் கேட்டாள். அம்மா மாட்டுக் கொட்டகை வரை மண்டியிட்டுத் தேடினாள். பெரியப்பா பக்கத்து டவுன் ஆஜம்கட் போய் மாலைக்குள் வேறு பாட்டில் வாங்கி வந்துவிட்டார்.

அம்மா மண்டியிட்டதுதான் மிச்சம்.

பழைய பாட்டிலை அலமாரிக்குப் பின்னால் உருட்டிவிட்டேன். நாளை யாராவது கண்டெடுப்பார்கள்.

ஜூலை 24, புதன்

அம்மா கிணற்றடியில் தாலியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா?"

"அழுக்கு."

முப்பத்தொரு சாடி சுட்டாகிவிட்டது. இருபத்திரண்டு நிரப்பியாகிவிட்டது. நிரப்பாமல் அடுக்கி வைத்திருப்பவை வெறும் கறுப்பாக, கோடு இருப்பதே தெரியாமல் இருக்கின்றன. எனக்கு அவைதான் பிடிக்கின்றன.

ஜூலை 28, ஞாயிறு

துணி துவைக்கும் முறை என்னுடையது. அம்மாவின் பாவாடையில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவு. தக்காளிச் சாறு என்று அம்மா சொன்னாள்.

இன்று நாங்கள் தக்காளி சமைக்கவில்லை.

மதியம் அம்மா ஆறு சாடி நிரப்பினாள்.

ஜூலை 29, திங்கள்

கணக்குத் தேர்வு. எதுவும் எழுதவில்லை.

ஜூலை 31, புதன்

நான் கோழை. ரேஹானா மேடம் தினமும் கேட்கிறார், நான் தினமும் "சொல்லிட்டேன் மேடம்" என்கிறேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால் ______ போய்விடும் என்று எனக்குப் பயம். சொல்லாவிட்டாலும் போய்விடும் என்று புத்தகம் சொல்கிறது. இரண்டு பக்கமும் பள்ளம்.

கொசுவலைக்குள் படுத்து யோசித்தேன். வாயால்தானே சொல்ல முடியவில்லை?

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாளை ஆடிப் பதினெட்டு. இங்கே யாருக்கும் அப்படி ஒரு நாள் இருப்பது தெரியாது. அம்மா வெள்ளை நூலைத் திரித்து மஞ்சளில் நனைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள். நாளைக் காலை ஆற்றுக்குப் போய்த் தாலிக்கயிறு மாற்ற வேண்டும். விடிவதற்கு முன் அந்த டப்பாவை அவள் திறந்தே ஆக வேண்டும்.

இதை எழுதி முடித்ததும் நோட்டை அந்த டப்பாவுக்குள் வைக்கப் போகிறேன். மேடம் சொன்னது ஜூலை 15 பக்கத்தில் இருக்கிறது.

அம்மா, திட்டாதே. பாட்டிலை ஒளித்தது நான்தான். உன்னை மண்டியிட வைத்ததும் நான்தான். எனக்கு ______ வேண்டும். அதைவிட நீ வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

நோட்டு வெடித்த சாடிக்குள்ளேயே திரும்பி வந்திருக்கிறது. நான் ஒளிக்கும் இடத்தை அம்மாவிடம் சொன்னதே இல்லை. அட்டையில் மஞ்சள் கறை. பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. புதுப் பக்கத்தில் எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காலையில் தமஸா ஆற்றுக்கு நானும் அம்மாவும் மட்டும் போனோம். மழைத் தண்ணீர் கலங்கலாகப் படி வரை ஏறியிருந்தது. "காவேரி மாதிரி இல்ல. ஆனா தண்ணிதான, கும்புடலாம்" என்றாள் அம்மா. புளிச்சோறு, கறுப்பு வளையல், வெற்றிலை எல்லாம் வைத்துக் கும்பிட்டாள். பிறகு, "மறைச்சுப் புடி" என்றாள். நான் துண்டை விரித்துப் பிடித்தேன். புதுக்கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பழைய கயிற்றிலிருந்து தாலியை உருவினாள். கோப்பதற்கு முன் என் உள்ளங்கையில் வைத்தாள்.

தாலியின் முன்பக்கம் வெள்ளையாக இருந்தது. வெள்ளி மாதிரி. நீள்வட்டமாக ஒரு வெள்ளை. பின்பக்கத்திலும் அதே அளவில் இன்னொன்று. ஓரங்கள் மட்டும் தங்கமாகவே இருந்தன.

"கட்ட வெரலு, ஆள்காட்டி வெரலு" என்றாள் அம்மா, தன் விரல்களைக் காட்டி. "வேல செய்யறப்ப அடிவயிறு சுருக்குனு புடிக்கும். அப்பெல்லாம் இதப் புடிச்சுக்குவேன். நான் புடிக்கறேன்னு எனக்கே தெரியில கண்ணு. வெள்ளையானப்பறந்தான் தெரிஞ்சுது, இத்தன தடவ புடிச்சிருக்கறேன்னு."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. தாலியைக் கோத்து முடிச்சுப் போட்டாள்.

"தங்கத்துக்குள்ளயே போயிருக்குது. எனக்குள்ள போகாம இருக்குமா? உங்க மேடம் சொன்னது செரிதான்."

அது மேடம் சொன்னது என்று நான் அவளிடம் வாயால் சொன்னதே இல்லை.

வீட்டுக்கு வந்தோம். பெரியம்மா டப்பாவில் மூக்குத்தியைப் போட்டுவிட்டுக் கல்லில் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். அப்பாவும் பெரியப்பாவும் முற்றத்தில் இருந்தார்கள். அம்மா தாலியைப் புடவைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை.

பெரியம்மா பார்த்துவிட்டாள். "நான் அன்னிக்கே கழட்டச் சொன்னேன்ல? பாரு, போச்சா!"

அம்மா என் தோளில் கை வைத்தாள். "நான் சொல்றத அப்படியே சொல்லு. ஒரு சொல்லும் விடாத."

"சரிம்மா."

"தீதி, நான் இனி பாராவத் தொட மாட்டேன். அது இருக்கற பக்கம் வர மாட்டேன்."

சொன்னேன். தீதி என்றால் அக்கா. அந்த முதல் சொல்லிலேயே என் குரல் எலிக் குரல் மாதிரி வந்தது.

"ஆர்டர்?" என்றாள் பெரியம்மா. "மிச்சம் எல்லாத்தையும் நான் ஒருத்தியே நிரப்பணுமா? சரி, உனக்கு முடியலன்னா இவ உக்காரட்டும். இவளுக்கும் உன் விரல்தான்."

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. இதற்கு மட்டும் அவள் என்னை எதிர்பார்க்கவில்லை. தானே இந்தியில் சொன்னாள். "இவளும் மாட்டா." இலக்கணம் தப்பு. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு மறுபடி தமிழில், மெதுவாகச் சொன்னாள். "நீங்க தங்கத்தக் கழட்டி டப்பாவுல வெச்சுட்டு உக்கார்றீங்க, தீதி. தங்கத்துமேல அத்தன அக்கறை. என்ற வயித்துல ஒரு கொழந்த இருக்குது. அதக் கழட்டி நான் எங்க வெப்பேன்?"

அந்தச் சொல் அதில் இருந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கார்த்திகையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது ஞாபகம் வந்தது.

சொன்னேன். இந்தியில், சத்தமாக, ஒரு சொல்லும் விடாமல்.

பெரியம்மாவின் கை கல்லில் நின்றுவிட்டது. அந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு யாரிடமும் இல்லாமல், "பெரியவனுக்கும் சின்னவனுக்கும் நடுவுல மூணு" என்றாள். "மூணும் தங்கல. கண்ணு பட்டுதுன்னு சொன்னாங்க."

பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பாதான் முதலில் அசைந்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்து அம்மாவின் இடத்தில் சம்மணம் போட்டார். "நான் நிரப்புது" என்றார்.

"ஆம்பளையா?" என்றாள் பெரியம்மா.

"பனியனுக்கு லேபிள் ஒட்டுது, இது ஒட்டாதா?" என்று அப்பா தமிழில் சொன்னார். பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அதனால் சண்டை போட முடியவில்லை.

அம்மா கீழே கிடந்த ஊசியை எடுத்தாள். அப்பா வெட்டாமல் விட்ட பச்சைச் சாடியை முற்றத்தின் அந்தக் கோடிக்கு, வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போய் மடியில் வைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் பெண்கள் ஊசி தொட்டதில்லையாம். பெரியம்மா கல்லைத் தூக்கித் தெருப்பக்கத் திண்ணைக்கு, காற்று வரும் இடத்துக்கு மாற்றினாள். முக்காட்டால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். அங்கிருந்தே கத்தினாள்: "மதராஸி, கோணலா வெட்டினே, உன் தலைலயே உடைப்பேன்!"

"பாக்கலாம்னு சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பள்ளிக்கு மட்டம். அம்மாவோடும் அப்பாவோடும் ஆஜம்கட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரிடம் பாரா விஷயத்தை நான்தான் சொன்னேன். இரத்தம் எடுத்தார்கள். திரும்பத் திரும்ப வந்து காட்டச் சொன்னார்கள். "இப்பவே எதுவும் உறுதியா சொல்ல முடியாது. நிறுத்தினீங்களே, அது நல்லது" என்றார் டாக்டர். பிறகு வயிற்றில் ஒரு கருவியை வைத்தார். குதிரை ஓடுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அப்பா ரிக்‌ஷாவில் வரும் வழியெல்லாம் அந்தச் சத்தத்தை வாயால் செய்துகொண்டே வந்தார். அம்மா, "வாய மூடுங்க, ஊரே பாக்குது" என்றாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆர்டரில் நாற்பத்தொன்பதுதான் போகிறது. அப்பா நிரப்பியவற்றில் பூக்கள் காலிபிளவர் மாதிரி இருக்கின்றன. பெரியம்மா அவற்றை அடியில் வைத்துக் கட்டினாள். அம்மா வெட்டிய சாடி ஒன்று நேற்று சூளையிலிருந்து வந்தது. மயிலோ தாமரையோ இல்லை, ஆடாதோடை இலை. பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன செடி இது, கல்யாணத்துக்கா, இருமலுக்கா?" என்றாள். ஆனால் லக்னோவுக்குக் கட்டவில்லை. தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

தாலியைத் தட்டானிடம் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று பெரியப்பா சொன்னார். அம்மா வேண்டாம் என்றாள். "சூடு காட்டித்தான் அத ஓட்டணுமாம். அந்தப் பொகைய இன்னொருத்தன் குடிக்கறதா? இருக்கட்டும்."

இன்று தைரியம் வந்து பழைய பக்கங்களைத் திருப்பினேன்.

அம்மா படித்திருக்கிறாள். பென்சிலால், அவளுடைய சின்னக் குண்டு எழுத்தில். ஜூலை 12 பக்கத்தில் 'அறைத்தேன்' என்பதை வட்டமிட்டு, "எலைய எதுக்குக் கண்ணு அறைஞ்சே, அது என்ன தப்பு பண்ணுச்சு? சின்ன ர போடு" என்று எழுதியிருக்கிறாள்.

நான் காலியாக விட்ட இடங்களையும் நிரப்பியிருக்கிறாள். கோட்டுக்கு வெளியே ஒரு துளி போகாமல், சாடியை நிரப்புவது மாதிரியே. மூன்று இடத்தில் 'பாப்பா' என்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதலில் விட்ட இடத்தில், போன கார்த்திகைக்கு நேராக, வேறு ஒன்று இருக்கிறது.

'முகிலன்.'

அவனுக்கு ஒரு பெயர் இருந்தது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியுமா என்று தெரியவில்லை.

இனி நான் இடம் விட மாட்டேன். எங்கள் வீட்டில் தை மாதம் ஒரு பாப்பா வரப் போகிறது. பயமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.